பெட்டிக்குள் ஒரு பேரேடு



இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் பதிவு எதுவும் வரவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு மூன்று பேர் போனில் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் என்ற ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெரிய தவறு செய்து, ஒரு வாரம் சரியாகத் தூங்கவும் இல்லை. அந்தக் கதையோடு, அந்தப் பொருளின் பூர்வீகத்தையும் சேர்த்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பயந்து பக்கத்தை மூடிவிட வேண்டாம். பேரேடு பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வாசகசாலை இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான்கு மர பீரோ, இரண்டு பெஞ்சு, சுமார் இரண்டாயிரம் புத்தகம். எல்லாமே நன்கொடையாக வந்தவை. யார் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்த நோட்டு, ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போய்விட்டது. அந்த விவரம் மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் தமிழாசிரியர் ஐயாவின் நினைவு. வாசகசாலையைத் தொடங்கியவர்களில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான். எண்பத்தைந்து வயது.

"ஐயா, நீங்கள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் வந்து உட்காருவார். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ரைஸ்மில் முதலாளி கொடுத்தது, மகள் கல்யாணத்தன்று" என்பார். நான் தட்டச்சு செய்வேன். முதலில் எக்செல் தாளில்தான் ஆரம்பித்தேன். முந்நூறு புத்தகத்துக்குள் அது சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒரு வரியில் கல்கி, இன்னொரு வரியில் ரா. கிருஷ்ணமூர்த்தி, மூன்றாவதில் கல்கி கிருஷ்ணமூர்த்தி. ஒரே மனிதர் மூன்று பேராகி நின்றார். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் தனித்தனியாக இருந்தார்கள்.

ஓசூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகனிடம் சொன்னேன். "மாமா, இதுக்கு ரிலேஷனல் டேட்டாபேஸ்னு ஒண்ணு இருக்கு. போஸ்ட்கிரெஸ் போட்டுத் தர்றேன், கன்டெய்னர்ல. பத்து நிமிஷம்" என்றான். எனக்குத் தெரிந்த கன்டெய்னர் லாரியில் போகும் இரும்புப் பெட்டிதான். அதற்கும் புத்தகப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

விமானியாக இருந்த கணிதக்காரர்

1960-களில் பெரிய நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் வைத்த விதம் எங்கள் பழைய பதிவறை மாதிரி. ஒரு கோப்பு வேண்டுமென்றால் எந்த ரேக், எந்தக் கட்டு, கட்டில் எத்தனையாவது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த பதிவறை எழுத்தர் லீவு போட்டால் அலுவலகமே நிற்கும். கட்டுகளை யாராவது மாற்றி அடுக்கிவிட்டால் பழைய குறிப்பெல்லாம் வீண். ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் என்ற மென்பொருள் அந்த வகை. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலை நிர்வகிக்கப் பிறந்தது அது. மரம் போலக் கிளை கிளையாகத் தகவலை வைக்கும். எந்தக் கிளை வழியாக இறங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரலும் அறிந்திருக்க வேண்டும்.

இதை மாற்றியவர் எட்கர் கோட். 1923-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி. போர் முடிந்து அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் செனட்டர் மெக்கார்த்தி ஆடிய ஆட்டம் பிடிக்காமல் சில வருஷம் கனடாவுக்குப் போய்விட்டுத் திரும்பினார். நாற்பது வயதைக் கடந்து, 1965-ல்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஊரில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1970 ஜூன் மாதம், ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதில் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். தகவலை அட்டவணைகளாக வையுங்கள். ஒவ்வொரு வரியையும் அதில் உள்ள மதிப்பே அடையாளம் காட்டட்டும். ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைப்பது அந்த மதிப்புதான்; வேறு ரகசிய வழி எதுவும் வேண்டாம். தகவலைக் கேட்கிறவன் அது உள்ளே எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வருவாய்த் துறையில் 34 வருஷம் நான் பார்த்தது இதைத்தானே! சிட்டாவில் பட்டா எண்வாரியாக யாருக்கு எந்தப் புல எண் என்று இருக்கும். அடங்கலில் புல எண்வாரியாக என்ன பயிர் என்று இருக்கும். ஒருவர் நிலத்தில் என்ன விளைகிறது என்று தெரிய வேண்டுமானால் சிட்டாவில் புல எண்ணை எடுத்து அடங்கலில் பார்க்க வேண்டும். ஒருவர் பெயர் மாறினால் சிட்டாவில் ஓரிடத்தில் திருத்தினால் போதும், அடங்கலின் பயிர்க் கணக்கைத் தொட வேண்டியதில்லை. ஜமாபந்தியில் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் தவறைப் பிடிப்போம். கோட் செய்த பெரிய காரியம், இந்த வழக்கத்துக்குக் கணித அடித்தளம் போட்டு, எந்த ஊர்க் கணக்குக்கும் பொருந்துகிற பொது விதியாக ஆக்கியது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே என்பதற்கும் அவர் 1971-ல் படிப்படியான விதிகள் எழுதினார். எங்கள் கல்கி மூன்று பேரானதற்கு மருந்து அதில் இருக்கிறது. ஆசிரியர்களுக்குத் தனி அட்டவணை, அதில் கல்கிக்கு ஒரே எண், புத்தகப் பட்டியலில் அந்த எண் மட்டும்.

சொந்த நிறுவனமே அவர் யோசனையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. ஐஎம்எஸ் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1970-களின் நடுவில்தான் சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரு இளைஞர்கள் அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி உருவாக்கினார்கள். சீக்வெல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வேறு நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருக்கினார்கள். பாய்ஸ் 1974-லேயே, மிக இளம் வயதில் இறந்துபோனார். இன்று நீங்கள் ரயில் டிக்கெட் எடுத்தாலும் வங்கியில் பணம் போட்டாலும், பின்னால் எங்காவது அந்த மொழியின் வரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்க்கவில்லை.

லாரி எலிசன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஐபிஎம் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து, ஐபிஎம்முக்கு முன்பாகவே 1979-ல் ஆரக்கிள் என்ற பெயரில் கடை விரித்துவிட்டார்கள். அவர்கள் விற்ற முதல் பதிப்புக்கே இரண்டாம் பதிப்பு என்று பெயர். முதல் பதிப்பு என்றால் யார் வாங்குவார்கள்? நம் ஊர் வியாபாரிகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. கோட்டுக்குக் கணிப்பொறித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது 1981-ல் கிடைத்தது. 2003-ல் காலமானார்.

நாளேடு முதலில், பேரேடு பிறகு

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் கோட்டின் கட்டுரையைப் படித்துவிட்டு இன்கிரெஸ் என்று ஒன்றை உருவாக்கினார். பிறகு 1986 வாக்கில் அதற்கடுத்த முயற்சி. இன்கிரெஸுக்குப் பிந்தியது என்ற பொருளில் போஸ்ட்கிரெஸ். பல்கலைக்கழகம் அந்த வேலையை முடித்துக்கொண்டபின் மாணவர்கள் இருவர் அதில் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996-ல் இன்றைய பெயர் வந்தது: போஸ்ட்கிரெஸ்க்யூஎல். உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். காசு கிடையாது. எங்கள் வாசகசாலைக்கு அது தோதாகப் போய்விட்டது.

இந்தக் கதையில் நம் ஊர்ப் பெயர் ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகன், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஏரிஸ் என்ற முறையைத் தம் சக ஆய்வாளர்களோடு உருவாக்கினார். அந்தக் கட்டுரை 1992-ல் வெளிவந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் கணக்கு பாதியில் நிற்காமல் எப்படி மீட்பது என்பதுதான் அதன் பொருள். அட்டவணையில் மாற்றம் செய்வதற்கு முன் அந்த மாற்றத்தைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து முடிந்ததை மீண்டும் ஏற்று, முடியாததை ரத்து செய். நாளேட்டில் எழுதாமல் பேரேட்டில் ஏற்றாதே என்று நம் கடைக் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்வதும் அதைத்தானே? உலகின் பெரிய டேட்டாபேஸ்கள் பலவும் ஏரிஸ் வழியைப் பின்பற்றுகின்றன. போஸ்ட்கிரெஸிலும் மாற்றத்தைக் குறிப்பேட்டில் முதலில் எழுதும் வழக்கம் உண்டு. எங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போனாலும் ஒரு புத்தகம்கூடக் காணாமல் போகவில்லை. காணாமல் போனது என் கையால்தான். அதற்கு வருகிறேன்.

லாரிக்காரர் கண்ட பெட்டி

இனி கன்டெய்னர். கப்பலில் சரக்கு ஏற்றுவது ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக, ஆள் வைத்து. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறையாக ஏற்றினால் டன்னுக்கு ஆறு டாலர் அளவில் ஆகும் செலவு, பெட்டியாக ஏற்றியதில் பதினாறு சென்ட் அளவுக்கு வந்தது. உள்ளே சட்டை இருக்கிறதா சைக்கிள் இருக்கிறதா என்று கிரேனுக்குக் கவலை இல்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

மென்பொருள்காரர்களுக்கும் அதே தலைவலி இருந்தது. ஒருவர் கம்ப்யூட்டரில் ஓடும் நிரல் இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஓடாது. துணைக் கோப்பு ஏதோ ஒன்று இருக்காது, அல்லது பதிப்பு வேறாக இருக்கும். நிரலுக்கு வேண்டிய சகலத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டால்? இதற்கான விதை 1979-ல் யூனிக்ஸில் விழுந்தது. ஒரு நிரலுக்கு டிஸ்க்கின் ஒரு மூலையை மட்டும் காட்டி, இதுதான் முழு உலகம் என்று நம்பவைக்கும் வசதி அது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் அதையே கெட்டியாக்கி ஜெயில் என்று பெயர் வைத்தார்கள். 2008-ல், ஒவ்வொரு நிரலுக்கும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு வேகம் என்று பங்கு பிரிக்கும் வசதி லினக்ஸில் சேர்ந்தது. அதற்குக் கூகுள் பொறியாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2013 மார்ச்சில், கலிஃபோர்னியாவில் நடந்த பைத்தான் மொழி மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிஷம் பேசி, டாக்கர் என்ற கருவியைக் காட்டினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. முதுகில் பெட்டிகளைச் சுமந்த திமிங்கலம்தான் அதன் சின்னம்.

எனக்குப் புரியும்படி மருமகன் சொன்னது இது: "தனி வீடு கட்டிக் குடியேறுறது ஒரு வகை மாமா. கன்டெய்னர்ங்கிறது லாட்ஜ் ரூம். கட்டடம் ஒண்ணு, ரூம் தனித்தனி. போனதும் கட்டில் மெத்தை எல்லாம் தயாரா இருக்கும். காலி பண்ணினா ரூமைக் கழுவி விட்டுடுவாங்க."

கடைசி வாக்கியத்தை நான் அன்று காதில் வாங்கவில்லை.

பத்து நிமிஷ வேலை

உண்மையிலேயே பத்து நிமிஷத்தில் முடித்தான். போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பு, அதிலும் ஆல்பைன் என்ற சின்ன வகை. எங்கள் கம்ப்யூட்டர் பழசு, டிஸ்க்கில் இடம் குறைவு என்பதால் அது. பெட்டி முதன்முறை கிளம்பும்போது தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப மறுத்துவிடும். அடுத்து வாசல். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் அந்த வாசலை வெளியே நம் கம்ப்யூட்டரின் வாசலோடு இணைக்க வேண்டும். இதில் கவனம் தேவை. சும்மா இணைத்தால் அந்தக் கம்ப்யூட்டரை எட்டக்கூடிய எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். லினக்ஸில் நாம் போட்ட தடுப்புச் சுவரைக்கூட டாக்கர் தாண்டிவிடும். இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்து மட்டும் என்று முகவரி சேர்த்து எழுத வேண்டும். அதைச் சரியாகச் செய்தான்.

அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டான்.

அறுநூற்று நாற்பது புத்தகம் ஏற்றியாயிற்று. பட்டியலை அச்சடித்து ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் முகம் சுளித்தார். "என்ன தம்பி இது? கனி, கறி, கலை, களஞ்சியம், கழுகு, கவிதை என்று போகிறது. எந்த அகராதியில் இப்படி இருக்கிறது? கலை, கவிதை, கழுகு, களஞ்சியம், கறி, கனி என்றல்லவா வர வேண்டும்? ய ர ல வ ழ ள என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லுமே!"

அவர் சொன்னது முற்றிலும் சரி. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது, தேவநாகரி வரிசையை ஒட்டி எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக இந்தியாவில் போட்டிருந்த அட்டவணையைப் பின்பற்றினார்கள். அதனால் ன என்ற எழுத்து ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் உட்கார்ந்தன. ள, ழ, வ என்று வரிசை மாறியது. புள்ளிக்கு எண் கடைசியில் கிடைத்ததால் பக்கம் என்ற சொல் பகலுக்குப் பின்னால் போனது. அந்த எண்களின்படி அடுக்கினால் இந்தக் கோலம்தான். நல்ல வேளையாக, ஒவ்வொரு மொழியின் அகராதி வரிசையையும் அறிந்த நூலகம் ஒன்று இருக்கிறது. தமிழ் வரிசை என்று கேட்டால் சரியாக அடுக்கித் தரும். ஆல்பைன் வகைப் பெட்டியில் அந்த வசதி போஸ்ட்கிரெஸ் 15-லிருந்துதான் உண்டு. எங்களுடையது 14.

காலி செய்த அறை

ஐயாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. மருமகனைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நானே இறங்கினேன். பழைய பெட்டியை நிறுத்து, நீக்கு, 16-ஆம் பதிப்பில் புதுப் பெட்டியை ஓட்டு. மூன்று கட்டளைகள். மூன்றும் முறையாக வேலை செய்தன. திறந்து பார்த்தால் ஒரு புத்தகமும் இல்லை. ஆசிரியர் இல்லை, நன்கொடையாளர் இல்லை, அட்டவணையே இல்லை. கழுவிவிட்ட லாட்ஜ் அறை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி ஐயாவைக் கேட்டு ஏற்றிவிடலாம், மானம்தானே போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை ஐயா வீட்டிலிருந்து போன். இரவு பக்கவாதம். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வரவில்லை.

அன்று எனக்கு ஏற்பட்ட நிலையை எழுத வரவில்லை. ஜமாபந்திக்கு முந்தைய இரவு கணக்கு உதைத்தால் வயிற்றைப் பிசையுமே, அதுகூட இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கைத் திரும்ப எழுதலாம். அறுநூற்று நாற்பது பேரின் பெயரையும் காரணத்தையும் நான் எங்கே போய்க் கேட்பேன்?

மருமகனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இடம் காலி பண்றதுக்குச் சுத்தம் பண்ற கட்டளை ஏதாவது கொடுத்தீங்களா?" இல்லை என்றேன். "நல்லது. எதையும் தொடாதீங்க. அணைச்சு வைங்க. சனிக்கிழமை வர்றேன்."

வந்தவன் சொன்ன விளக்கம் இது. பெட்டிக்குள் எழுதுவது பெட்டியோடு போகும். அதனால் டேட்டாபேஸின் தகவலைப் பெட்டிக்கு வெளியே ஒரு தனிச் சேமிப்பில் வைத்து, அதைப் பெட்டியின் உள்ளே ஓரிடத்தில் பொருத்த வேண்டும். வால்யூம் என்று அதற்குப் பெயர். லாட்ஜுக்கு நம் டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோவது மாதிரி. அதற்கு நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும். அன்று விடுபட்ட வரி அதுதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் பெட்டியைத் தயாரித்தவர்கள் என்னைப் போன்ற ஆசாமிகளை முன்பே யோசித்திருக்கிறார்கள். யாரும் டிரங்குப் பெட்டி கொடுக்காவிட்டால், டாக்கர் தானாகவே பெயரில்லாத ஒன்றை உருவாக்கித் தகவலை அதில் வைக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். நான் கொடுத்த கட்டளை அறையைத்தான் நீக்கியது. டிரங்குப் பெட்டி கிடங்கில் அப்படியே கிடந்தது. புதுப் பெட்டிக்கு இன்னொரு புது டிரங்கு போட்டதால்தான் காலியாகத் தெரிந்தது. இடமில்லை என்று நான் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்திருந்தால், அனாதையாகக் கிடந்த அதுவும் போயிருக்கும்.

கிடங்கில் அப்படி மூன்று இருந்தன. அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத அடையாளம் ஒவ்வொன்றுக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பதிப்பு எண் மட்டும் எழுதிய ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஒன்றில் 16. அது நான் போட்ட புதுசு. மற்ற இரண்டிலும் 14. ஒன்று அவன் முதல் நாள் சோதனைக்குப் போட்டது. மற்றது அளவில் பெரியது. அதுதான் எங்கள் டிரங்கு.

அவன் நேராக அதைத் திறக்கவில்லை. முதலில் முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தான். எங்கள் துறையில் அசல் ஆவணத்தில் பேனா வைக்க மாட்டோம், அந்த மாதிரி. 14-ஆம் பதிப்பு எழுதியதை 16-ஆம் பதிப்பு நேரடியாகப் படிக்காது என்பதால், பழைய 14-ஆம் பெட்டியையே மறுபடி வரவழைத்து நகலை அதில் பொருத்தினான். பட்டியல் திரையில் வந்தது. அறுநூற்று நாற்பது. என் மனைவி கொண்டுவந்த காபி ஆறிப்போகும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

பிறகு நடந்தது முறையான வேலை. உள்ளே இருப்பது முழுவதையும் எஸ்க்யூஎல் வரிகளாக ஒரு கோப்பில் இறக்கினான். புதிய டிரங்குக்கு வாசகசாலை என்று பொருள்படப் பெயர் வைத்து, 16-ஆம் பதிப்பில் பொருத்தினான். தமிழ் வரிசை வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான். கடவுச்சொல், வரிசை போன்றவை காலி டிரங்கோடு முதன்முறை கிளம்பும்போது மட்டும்தான் ஏற்கப்படும். பின்னால் அந்த வரியை மாற்றி எழுதினால் பெட்டி கண்டுகொள்ளாது. கடைசியில் இறக்கிய கோப்பை ஏற்றினான். இப்போது தினமும் இரவு ஒரு நகல் தானாக எடுக்கப்படுகிறது. ஞாயிறுதோறும் அதைப் பென்டிரைவில் போட்டு, வாசகசாலையில் அல்லாமல் பொருளாளர் வீட்டில் வைக்கிறோம். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றிப் பார்க்காத நகலை நம்பக் கூடாது என்று மருமகன் உத்தரவு.

கோட் 1985-ல், உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் எது என்று பன்னிரண்டு விதிகள் எழுதினார். தகவல் எங்கே, எப்படிச் சேமிக்கப்பட்டாலும் அதைப் பயன்படுத்தும் நிரல் பாதிக்கப்படக் கூடாது என்பது அதில் ஒன்று. பயன்படுத்துகிறவன் கவலைப்படத் தேவையில்லை, சரி. ஆனால் காப்பாற்றுகிறவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் கற்றேன். வாசகசாலையின் புதிய நோட்டில் முதல் பக்கத்தில், டிரங்கின் பெயர், பதிப்பு எண், நகல் இருக்கும் இடம் மூன்றையும் மையால் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் வருகிறவருக்குத் தேவைப்படும்.

போன வாரம் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. புதுப் பட்டியலை மடியில் வைத்தேன். இடது கை விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். கலை, கவிதை, கழுகு, களஞ்சியம். தலையை ஆட்டினார். பிறகு நன்கொடையாளர் பக்கத்துக்குப் போனார். இரண்டாவது தாளில் ஒரு பெயரின்மேல் விரல் நின்றது. இல்லை என்று தலையசைத்தார். ஒவ்வொரு எழுத்தாக அவர் குழறிச் சொல்ல, பத்து நிமிஷம் பிடித்தது. ரைஸ்மில் முதலாளி என்று நான் ஏற்றியிருந்தது தவறு. அந்தப் புத்தகம் அவர் தம்பி கொடுத்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் திருத்திவிட்டேன். ஓரிடத்தில்தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் புத்தகம் இருக்கிறது. ஐயாவுக்குப் பேச்சு திரும்பட்டும், மூன்று மணி வேலையை மறுபடி தொடங்கலாம் என்று இருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்தி யாராவது கம்ப்யூட்டரில் கணக்கோ படமோ வைத்துக் கொடுத்திருந்தால், "இது எங்கே இருக்கிறது, நகல் எங்கே?" என்று இன்று மாலையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த பதிவில் பார்ப்போம்.